விபத்தில்லாத ஆயிரம் நாள்

எங்க தீப்பெட்டி ஃபேக்டரியில எத்தனை மேனேஜர்னு கேட்டா என்னால சட்டுன்னு சொல்ல முடியாது. காலையில ஒரு எண்ணிக்கை இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள இன்னொருத்தர் லேப்டாப் பையோட வந்து இறங்கியிருப்பாரு. பெட்டியில குச்சி அடைக்குத பொம்பளைக அறுபது பேரு, குச்சியை மருந்துல முக்குத இடத்துல எட்டுப் பேரு, லோடு ஏத்துத ஆளுக அஞ்சு பேரு. இந்தக் கணக்கு பத்து வருசமா கூடவும் இல்ல, குறையவும் இல்ல. மேனேஜர்கதான் ஐப்பசி மழைக்குக் கரிசல்ல கோரை முளைச்ச மாதிரி முளைச்சாங்க.

நான் மணிராஜ். ஆபீஸ்ல டைப் அடிக்குதவன். பதினேழு வருசச் சர்வீஸ். மீட்டிங்ல யாரு என்ன பேசினாலும் அதை மினிட்ஸா அடிச்சு, கையெழுத்து வாங்கி, ஃபைல்ல கோக்குதது என் வேலை. அதனால இங்கன நான் சொல்லப்போறதுல பாதி என் கையாலயே அடிச்சது. அதை நினைச்சாத்தான் வயித்தெரிச்சலா வருது.

முன்னால இது பத்திரகாளி மேட்ச் ஒர்க்ஸ். கோவில்பட்டியில இருந்து பசுவந்தனை போற ரோட்டுல, உளுந்தும் மக்காச்சோளமும் விதைச்ச காட்டுக்கு நடுவுல இருக்கு. முதலாளி சுந்தரபாண்டியன் அண்ணாச்சி. அவரு பெரிய தர்மப்பிரபுன்னு நான் சொல்ல வரல. கூலி கூட்டிக் கேட்டா மூணு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவாரு. எங்கயாவது தீப்பிடிச்சா மூடி மறைக்கத்தான் பார்ப்பாரு. ஆனா மறைக்குதோம்ங்கிறது அவருக்குத் தெரியும். அந்த வாரம் பூரா எங்க கண்ணைப் பார்த்துப் பேசமாட்டாரு.

நாலு வருசத்துக்கு முன்னால அவரு கைகால் விழுந்து படுத்துட்டாரு. மகன் முத்துசெல்வம் வந்தாரு. நிர்வாகப் படிப்பு படிச்சவரு. வந்த மாசமே 'பி.கே. ஃபயர் சொல்யூஷன்ஸ்'னு பேரை மாத்தினாரு. முதலாளின்னு கூப்பிடக்கூடாது, சி.இ.ஓ.ன்னு சொல்லணும்னு ஒரு சர்க்குலர் அடிக்கச் சொன்னாரு. பெறகு எல்லாரையும் வேப்பமரத்தடியில உக்கார வச்சு, நாம தீப்பெட்டி செய்யலை, மனிதர்களுக்கு வெளிச்சத்தைச் சாத்தியப்படுத்துறோம்னு பேசினாரு. எல்லாரும் கை தட்டினோம். அடைப்பு ஷெட்டுல வேலை பாக்குத வள்ளிமயில் மட்டும் என் காதுகிட்ட வந்து, அப்ப நாளைக்குப் பெட்டி அடைக்கணுமா வேண்டாமான்னு கேட்டா.

அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க. சுதாராணி மேடம் வந்தாங்க, 'மக்கள் மற்றும் பண்பாட்டு மேலாளர்'. மக்கள்னா நாங்க. பண்பாடுன்னா என்னன்னு கேக்க எனக்குத் தைரியம் வரல. கெட்டவங்க இல்ல அவங்க. எல்லாரு பிறந்தநாளும் அவங்களுக்குத் தெரியும். தொழிலாளின்னு சொன்னா முகம் சுண்டிப்போகும், குடும்ப உறுப்பினர்னு சொல்லணும். 'செயல்திறன் மேலாளர்' செண்பகராஜ் வந்தாரு. அவரு கையில எப்பவும் ஒரு ஸ்டாப் வாட்ச். பொம்பளைக கக்கூஸுக்குப் போனா அதை அமுக்குவாரு. அந்தக் கக்கூஸ்ல குழாய் ஒழுகுதுன்னு ஒரு புகார் வந்துச்சு. 'நீர் அனுபவக் குழு'ன்னு ஒண்ணு போட்டு, அஞ்சு மாசம் ஆராய்ஞ்சு, நாப்பது பக்கத்துக்குக் கலர் படத்தோட அறிக்கை குடுத்தாங்க. வாஷர் பத்து ரூவா. குழாய் இன்னும் ஒழுகுது.

இதெல்லாம் சிரிச்சுக்கிட்டே சகிச்சுக்கிட்டதுதான். வினை வந்தது அந்தப் போர்டுல.

கேட்டுக்குப் பக்கத்துல பச்சைப் பெயிண்ட் அடிச்சு ஒரு போர்டு வச்சாங்க. மேல 'விபத்தில்லாத நாட்கள்'னு எழுத்து. கீழ மூணு கொக்கி. ஒவ்வொரு கொக்கியிலயும் ஒரு நம்பர் தகடு மாட்டணும். தினம் காலையில சங்கு ஊதுததுக்கு முன்னால வாட்ச்மேன் தங்கச்சாமி அண்ணாச்சி ஒரு நம்பரைக் கூட்டி மாட்டணும். இந்த வேலைக்கு அவருக்கு ஏ.சி. ரூம்ல ரெண்டு நாள் பயிற்சி. விபத்து நடந்தா அந்த மணிநேரமே நம்பரைக் கழத்திட்டு சைபர் போடணும், யாரு சொன்னாலும் கேக்கக்கூடாது, சி.இ.ஓ.வே சொன்னாலும் கேக்கக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. அந்தாளு பசுவந்தனைப் பக்கத்துக்காரரு, ஒருத்தர் ஒண்ணு சொன்னா அப்படியே நம்புத மனுசன். குடுத்த சர்டிபிகேட்டை லேமினேட் பண்ணி வீட்டுல சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சிருந்தாரு.

அவரு சம்சாரம் சந்தனமாரி மதினி எங்க அடைப்பு ஷெட்டுல இருபத்திரண்டு வருசமா பெட்டி அடைக்குது. ஒரே மகளைக் கடம்பூர்ல கட்டிக் குடுத்துட்டாங்க. புருசனும் பொண்டாட்டியும் ஒரே சைக்கிள்ல வருவாங்க. அண்ணாச்சி முதல்ல இறங்கிப் போயி தகடை மாட்டுவாரு. மதினி சாப்பாட்டுத் தூக்கோட நின்னு, "இன்னைக்கு எத்தனை?"ன்னு கேக்கும். போர்டுல இருக்கது அதுக்கும் தெரியத்தான் செய்யும். இருந்தாலும் கேக்கும். "அறநூத்திப் பன்னெண்டு"ன்னு அவரு கம்பீரமாச் சொல்லுவாரு. பிள்ளத்தாச்சிக்கு மாசம் எண்ணுத மாதிரில்லா எண்ணுதீங்கன்னு கேலி பண்ணிட்டு ஷெட்டுக்குள்ள போகும். மழையானாலும் வெயிலானாலும் இந்தக் கூத்து நடக்காம எங்க ஃபேக்டரியில சங்கு ஊதினதில்ல.

எழுநூறு தாண்டினப்ப அண்ணாச்சி ஆபீஸுக்கு வந்து ஒரு சந்தேகம் கேட்டாரு. கொக்கி மூணுதான இருக்கு, ஆயிரம் வந்தா எங்கன மாட்டுததுன்னு. எந்த மேனேஜருக்கும் அது தோணியிருக்கல. தொலைநோக்குப் பார்வைக்கான பாராட்டுக் கடிதம் அண்ணாச்சிக்குக் கிடைச்சுது. நாலு கொக்கி வச்ச புதுப் போர்டுக்கு ஒரு குழு போட்டாங்க. ஆயிரமாவது நாளைப் பெரிய விழாவா எடுக்கணும், அதைக் காட்டி ஒரு விருது வாங்கணும்னு அன்னைக்கே முடிவாச்சு.

இங்கன சாக்கைப் பத்திச் சொல்லணும். பெட்டி அடைக்கும்போது குச்சியும் குச்சியும் உரசி எப்பவாவது புஸ்ஸுன்னு பத்தும். அது தொழில்ல உள்ளது. அதுக்காக ஒவ்வொரு பொம்பளையும் காலையில ஒரு கோணிச் சாக்கைத் தொட்டியில நனைச்சு இடது கைப் பக்கம் போட்டுக்கிடுவா. பத்தினா கண்ணை மூடித் திறக்குததுக்குள்ள சாக்கைத் தூக்கிப் போட்டு அமுக்கிருவா. அடுத்த பெட்டியை எடுத்துருவா. யாரும் சொல்லிக் குடுத்ததில்ல, எந்த ஃபைல்லயும் இருந்ததில்ல.

தொள்ளாயிரத்து அறுபதாவது நாள், விருதுக்கு முன்னோட்டமா மெட்ராஸ்ல இருந்து ஆடிட்டுக்கு ஆள் வந்தாங்க. ஷெட்டைச் சுத்திப் பார்த்துட்டு ஒரு குறை எழுதினாங்க: 'அடையாளம் குறிக்கப்படாத ஈரப்பொருட்கள் தரையில் கிடக்கின்றன, புகைப்படத்துக்கு உகந்ததாக இல்லை.' அன்னைக்கே மீட்டிங். சாக்கு ஒவ்வொண்ணுக்கும் லேபிள் ஒட்டணும், வைக்குத இடத்துல மஞ்சள் கோடு போடணும், லேபிளுக்கு ஒப்புதல் கிடைக்கிற வரைக்கும் சாக்கு எல்லாத்தையும் ஸ்டோர் ரூம்ல வச்சுப் பூட்டணும்னு முடிவு. பெறகு லேபிள் கலர் பத்தி மூணு மீட்டிங் நடந்துச்சு. சிவப்பு பயத்தை உண்டாக்கும்னு சுதாராணி மேடம் சொன்னாங்க. பச்சை போர்டுக்குப் போயிருச்சு. நீலத்தைச் செண்பகராஜ் ஒத்துக்கிடல.

அந்த வாரம் 'மனம் திறந்து பேசுவோம்' கூட்டத்துல சந்தனமாரி மதினி எந்திரிச்சு நின்னுச்சு. "சாக்கு இல்லாத நேரம் பத்துனா நாங்க என்ன செய்ய?"ன்னு கேட்டுச்சு. சி.இ.ஓ. முகம் மலர்ந்து போச்சு. "அம்மா, இது ரொம்ப நல்ல கேள்வி. இப்படிக் கேள்வி கேக்குற பண்பாட்டைத்தான் நாங்க உருவாக்க நினைச்சோம்"னாரு. எல்லாரும் கை தட்டினாங்க. கேள்வி கேட்டதுக்காக மதினிக்கு கம்பெனி பேரு போட்ட பேனா ஒண்ணு குடுத்தாங்க. பதில் சொன்னதா மினிட்ஸ்ல இல்ல. நான்தான அடிச்சேன், எனக்குத் தெரியாதா. மதினிக்குக் கையெழுத்து போடத்தான் தெரியும், அந்தப் பேனாவை அண்ணாச்சி சட்டைப் பையில சொருகிவிட்டுருச்சு.

தொள்ளாயிரத்து எம்பதாவது நாள். காலை பத்து நாப்பது. பத்தரையில இருந்து பத்தே முக்கால் வரை டீ நேரம். ஆனா விழாவுக்கு முன்னால ஸ்டாக் முடிஞ்சாகணும்னு செண்பகராஜ் சர்க்குலர் விட்டிருந்ததால யாரும் டீக்கு எந்திரிக்கல. மதினி கையில உரசிப் பத்தியிருக்கு. இடது கை பழக்கத்துல சாக்கைத் தேடியிருக்கு. அங்கன வெறுந்தரை. மடியில கிடந்த குச்சியெல்லாம் பத்தி, சேலை பத்தி, அவ்வளவுதான். பக்கத்துல இருந்த வள்ளிமயில் வெறுங்கையால அடிச்சு அணைச்சிருக்கா, அவ கையும் வெந்துபோச்சு. ரெண்டு பேரு ஸ்டோர் ரூமுக்கு ஓடினாங்க. பூட்டியிருந்துச்சு. சாவி செண்பகராஜ் பையில இருந்துச்சு. செண்பகராஜ் மீட்டிங்ல இருந்தாரு. நானும் அந்த மீட்டிங்லதான் இருந்தேன். இளம் ஊதா கலர் பத்திப் பேசிக்கிட்டு இருந்தாங்க.

அண்ணாச்சி கேட்டுல இருந்து ஓடி வந்த ஓட்டத்தை நான் பார்த்தேன். அதைப் பத்தி எழுத எனக்கு முடியாது.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. சாயங்காலம் அவரே எனக்குப் போன் போட்டாரு. "மணி, பதட்டத்துல சைபர் போடாம வந்துட்டேன் தம்பி. தகடு இருக்க பொட்டி என் ஸ்டூலுக்கு அடியில கிடக்கு. போட்டுரு"ன்னாரு. பொண்டாட்டி வெந்து கிடக்கா, இந்த மனுசன் கடமையில தப்பிட்டோமேன்னு தவிக்காரு. நான் போயி பொட்டியைத் திறந்து தகடை எடுத்தேன். சுதாராணி மேடம் மாடியில இருந்து பார்த்துட்டாங்க. இது விபத்தா இல்லையான்னு வகைப்படுத்துதல் முடியாம போர்டைத் தொடவேண்டாம்னு சொன்னாங்க.

வகைப்படுத்துதலுக்கு மறுநாள் விடியவும் மீட்டிங். உணர்ச்சிவசப்படாம தரவுகளோட பேசுவோம்னு சி.இ.ஓ. ஆரம்பிச்சாரு. செண்பகராஜ் நேரத்தைக் காட்டினாரு. பத்து நாப்பதுங்கிறது இடைவேளை, இடைவேளையில நடந்தது வேலையில நடந்தது ஆகாது, அவங்க அப்போ டீ குடிச்சுக்கிட்டு இருந்திருக்கணும்னாரு. டீ குடிக்கவிடாத சர்க்குலர் அடிச்ச கை என் கைதான். அது மேசைக்கு அடியில கிடந்துச்சு. நான் தூக்கல.

பெறகு சுதாராணி மேடம் பேசினாங்க. சொல் மாறாம அடிச்சிருக்கேன். "எனக்கு விபத்துங்கிற வார்த்தையே உறுத்துது. சந்தனமாரி நம்ம குடும்பம். வெளியாளுக்கு நடந்தா அது விபத்து. குடும்பத்துல ஒருத்தருக்கு நடந்தா அது துக்கம். இந்தப் போர்டு துக்கத்தை எண்ணுறதுக்காக வச்சது இல்லையே."

சொல்லிட்டு அழுதாங்க. நடிப்பு இல்ல, நெசமான அழுகை. பழைய முதலாளி சுந்தரபாண்டியன் அண்ணாச்சி மறைச்சா அவருக்கே கூசும். இவங்களுக்கு எதையோ மறைக்குதோம்னே தெரியல. எனக்குப் பயம் வந்தது அப்பத்தான்.

'இடைவேளை நேரத் தனிநபர் வெப்ப நிகழ்வு'ன்னு வகைப்படுத்தி முடிச்சாங்க. இதுல நமக்கு என்ன கற்றல்னு சி.இ.ஓ. கேட்டாரு. சாக்கு லேபிள் வேலையைத் துரிதப்படுத்தணும்னு எழுதிக்கிட்டாங்க. இளம் ஊதா நிறைவேறிச்சு. அண்ணாச்சி திரும்பி வர வரைக்கும் போர்டை மாத்துதது மணிராஜ் பொறுப்புன்னும் ஒரு வரி. தொள்ளாயிரத்து எம்பத்தி ஒண்ணு நான்தான் மாட்டினேன்.

கொஞ்ச நேரத்துல அண்ணாச்சி போன். "சைபர் போட்டாச்சால?"

"போட்டாச்சு அண்ணாச்சி"ன்னேன். ஆஸ்பத்திரியில கிடக்க மனுசன்ட்ட எதுக்கு இதைச் சொல்லணும்னு நினைச்சேன். அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

மறுநாள் காலையில மறுபடி கூப்பிட்டாரு. நான் போர்டுக்கு அடியில நிக்கேன். ஒரு கையில போன், ஒரு கையில ரெண்டாம் நம்பர் தகடு. "அவளுக்கு நெனவு வந்துச்சு மணி. வாயைத் திறந்ததும் என்ன சொன்னா தெரியுமா? 'உங்க நம்பரைக் கெடுத்துட்டேனே, இன்னும் இருவது நாளுதான இருந்துச்சு'ன்னா. வலிக்குதுன்னு சொல்லலப்பா. இதைச் சொல்லுதா. நான் சொன்னேன், ஏட்டி, சைபர் போட்டாச்சு, மணி போட்டுட்டான், நீ எந்திரிச்சு வா, மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணுவோம்னு. சரின்னு தலையை ஆட்டினா."

போனை வச்சுட்டு ரெண்டை மாட்டினேன். மாட்டாம இருந்திருக்கலாம்லன்னு நீங்க கேக்கலாம். எனக்கு ரெண்டு பிள்ளைக படிக்குது.

நாலாம் நாள் மதினி செத்துப்போச்சு.

மதினியை ஏத்தின வண்டி ஊருக்குப் போற வழி எங்க ஃபேக்டரி வாசல் வழிதான். வண்டி வருதுன்னு தெரிஞ்சதும் அவசர மீட்டிங். மரியாதை நிமித்தமா எல்லாரும் கேட்டுல வரிசையா நிக்கணும், போர்டை வெள்ளைத் துணியால மூடணும்னு முடிவாச்சு. துணியில கம்பெனி முத்திரை இருந்துச்சு. வண்டி நின்னுது. அண்ணாச்சி இறங்கினாரு. வெள்ளைத் துணி போர்த்தின போர்டைப் பார்த்தாரு. தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டே சி.இ.ஓ. கையைப் பிடிச்சுக் கும்பிட்டாரு. தன் பொண்டாட்டிக்காகப் போர்டுக்கே கோடித்துணி போர்த்தியிருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டாரு மனுசன். வண்டி தெருமுனை திரும்பினதும் துணியை எடுக்கச் சொன்னாங்க. தொள்ளாயிரத்து எம்பத்தி மூணு.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலம் சுதாராணி மேடம் பழத்தட்டோட அவரு வீட்டுக்குப் போனாங்க. என்னையும் கூட்டிக்கிட்டுப் போனாங்க. தரையில உக்கார்ந்து அண்ணாச்சி கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. பெறகு, நாளை மறுநாள் ஆயிரமாவது நாள் அப்பா, முதல் நாள்ல இருந்து நம்பர் மாட்டுன கை உங்க கை, அந்த முதல் எண்ணை நீங்கதான் மாட்டணும், உங்களுக்கும் ஒரு ஆறுதலா இருக்கும்னு சொன்னாங்க. அவரு மகள் பாண்டிச்செல்வி காப்பி கொண்டுவந்து வச்சுட்டு அப்படியே நின்னா.

மேடம் காருக்குப் போகவும் அவரு என் கையைப் பிடிச்சு நிறுத்தினாரு. "சைபர் போட்டு இருவது நாளு ஆகுமா? ஆயிரம் எப்படிப்பா வரும்?"ன்னாரு. நெசமாவே கணக்கு விளங்காமத்தான் கேட்டாரு. நான் எல்லாத்தையும் சொன்னேன். இடைவேளை, வெப்ப நிகழ்வு, துக்கம், வெள்ளைத் துணி எல்லாம். போன்ல நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். என்னை அடிப்பாருன்னு நினைச்சேன். அடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும்.

"அப்ப நான் அவகிட்ட பொய்யில்லா சொல்லியிருக்கேன்"னாரு.

கார் ஹாரன் அடிச்சுது. உள்ள சுவத்துல அந்த லேமினேட் சர்டிபிகேட் அப்படியே இருந்துச்சு, பக்கத்துல மதினி படம். "நான் வாரேன்னு சொல்லிரு"ன்னு மட்டும் சொன்னாரு.

விழாவுக்குப் பந்தல் போட்டாங்க. பந்தல் மேனேஜர்களுக்கு. அடைப்பு ஷெட்டுப் பொம்பளைக சேலைக்கு மேல கம்பெனி டீ-சர்ட்டைப் போட்டுக்கிட்டு வெயில்ல உக்கார்ந்திருந்தாங்க. வள்ளிமயிலுக்குக் கையில கட்டு இருந்ததால டீ-சர்ட்டைத் தோள்ல போட்டுக்கிட்டா. ஆளுக்கு ரெண்டு கடம்பூர் போளி. மதுரையில இருந்து ஒரு ஊக்கப் பேச்சாளர் வந்து, நெருப்பு உங்களுக்கு உள்ளே இருக்கிறதுன்னு முக்கால் மணிநேரம் பேசினாரு. பொம்பளைக தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

பெறகு சி.இ.ஓ. மைக்கைப் பிடிச்சாரு. "ஆயிரம் நாள். இது வெறும் நம்பர் இல்ல. நடுவுல நம்ம குடும்பத்துல ஒரு பெரிய இழப்பு வந்துச்சு. வேற கம்பெனியா இருந்தா எண்ணிக்கை அன்னைக்கே நின்னுருக்கும். நாம நிக்கல. எந்த இழப்பாலயும் நம்மை நிறுத்த முடியாது. அதுதான் நம்ம பண்பாடு."

மேனேஜர்கள் எந்திரிச்சு நின்னு தட்டினாங்க.

புதுப் போர்டுல நாலு கொக்கி. கடைசிக் கொக்கியில ஊக்கப் பேச்சாளர் ஒரு சைபர் மாட்டினாரு. அதுக்கு முந்தினதுல சி.இ.ஓ. ஒரு சைபர். அதுக்கும் முந்தினதுல சுதாராணி மேடம் ஒரு சைபர். முதல் கொக்கி காலியா இருந்துச்சு. வெள்ளித் தட்டுல சந்தனம் குங்குமம் வச்ச ஒண்ணாம் நம்பர் தகடை அண்ணாச்சிகிட்ட நீட்டினாங்க. பொன்னாடை போர்த்தினாங்க. போட்டோக்காரரு கொஞ்சம் சிரிங்கன்னாரு.

அண்ணாச்சி தகடை எடுத்தாரு. திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. வேட்டி நுனியால அந்தச் சந்தனத்தைத் துடைச்சாரு. துடைச்சுட்டு மடியில சொருகிக்கிட்டாரு. மாட்டுவாரு மாட்டுவாருன்னு எல்லாரும் பார்க்காங்க. அவரு பொன்னாடையை எடுத்து மடிச்சு வெள்ளித் தட்டுல வச்சாரு. சட்டைப் பையில இருந்த பேனாவையும் எடுத்து அதுமேல வச்சாரு. சுதாராணி மேடம் மைக்கை அவரு வாய்கிட்ட கொண்டுபோயி, உங்க உணர்வைச் சொல்லுங்கப்பான்னாங்க.

"சந்தனமாரிகிட்ட சைபர் போட்டாச்சுன்னு சொல்லிட்டேன் தாயி. அது பொய்யா இருக்கக்கூடாதுல்லா"ன்னாரு.

இறங்கி நடந்தாரு. போர்டுல மூணு சைபர் தொங்குச்சு. வெயில்ல இருந்த அம்பத்தொம்பது பொம்பளைகளும் ஒரு சத்தம் இல்லாம அழுதாங்க. சி.இ.ஓ.வுக்குச் சரியா விளங்கல போல, முதல் ஆளா கை தட்ட ஆரம்பிச்சாரு. மேனேஜர்களும் தட்டினாங்க.

அன்னைக்கு மினிட்ஸ்ல, 'மறைந்த உறுப்பினரின் நினைவாக முதல் கொக்கி காலியாக விடப்பட்டது; இந்தப் புதுமையான முயற்சி அனைவராலும் வரவேற்கப்பட்டது'ன்னு அடிக்கச் சொன்னாங்க. அடிச்சேன். பெறகு, வேற ஒண்ணாம் நம்பர் தகடு வாங்கணுமே. பழைய பொட்டியில இருந்தது சைஸ் சின்னது, புதுப் போர்டுக்குச் சேராது. தகடு வாங்க மூணு கொட்டேஷன் வேணும், ரெண்டு மேனேஜர் ஒப்புதல் வேணும். நாலு நாள் ஆயிருச்சு. அதுவரைக்கும் முதல் கொக்கியைத் தொடவேண்டாம்னுட்டாங்க, அந்த நாலு நாளும் நான் கடைசிக் கொக்கியில மட்டும் சின்னத் தகடை எப்படியோ கம்பி வச்சுக் கட்டினேன். முதல் நாள் ஒண்ணு, பெறகு ரெண்டு, பெறகு மூணு.

நாலாம் நாள் காலையில புதுத் தகடு வந்துருச்சு. கடைசியில நாலைக் கட்டிட்டு, ஸ்டூல்ல ஏறி முதல் கொக்கியில ஒண்ணை மாட்டிக்கிட்டு இருக்கேன். கீழ யாரோ நிக்குத மாதிரி இருந்துச்சு. அண்ணாச்சி. வேலைக்கு வரல அவரு, இனிமே வரப்போறதும் இல்ல. சைக்கிள் கேரியர்ல மடிச்ச கோணிச் சாக்கு ஒண்ணு, நல்லா நனைச்சு வச்சிருக்காரு. தண்ணி ரோட்டுல சொட்டுது. அடைப்பு ஷெட்டுல சாக்கு இன்னும் குடுக்கல, ஊதா லேபிள் அச்சாகி வரல.

வள்ளிமயில் கட்டுப்போட்ட கையோட அவ பாட்டுக்கு உள்ள போயிக்கிட்டு இருந்தா. அவளை நிறுத்தி, இது உன் மதினி சாக்கு, இடது கைப் பக்கம் போட்டுக்கோன்னு குடுத்தாரு. அவ அதை இடுப்புல வச்சு அணைச்சுக்கிட்டா, சேலை நனைஞ்சுது. அவளுக்குப் பின்னால வந்த பொம்பளைக கையில எல்லாம் வீட்டுல இருந்து கொண்டுவந்த ஈரச்சாக்கு இருந்ததை நான் அப்பத்தான் பார்த்தேன். செண்பகராஜ் மாடியில நின்னு பார்த்தாரு. கீழ இறங்கல.

அண்ணாச்சி சைக்கிளைத் திருப்பினாரு. திருப்பினவரு நின்னு என்னை நிமிர்ந்து பார்த்தாரு. போர்டுல இருக்கது அவருக்கும் தெரியத்தான் செய்யும். இருந்தாலும் கேட்டாரு.

"இன்னைக்கு எத்தனை, மணி?"

போர்டுல ஆயிரத்து நாலு இருந்துச்சு, என் கையால மாட்டினது. மாடியில எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

"நாலு, அண்ணாச்சி"ன்னேன்.

சரின்னு தலையை ஆட்டினாரு.